தொப்பியைக் கழற்றி எங்கே வைப்பது?

தாத்தா போய்ப் பல வருஷம் கழித்து, பொன்மலைப் பக்கம் இருந்த வீட்டை விற்க முடிவானபோது பரண்மேல் இருந்த தகரப் பெட்டியை இறக்கினோம். கைக்கடிகாரத்தைப் பெரியப்பா மகன் எடுத்துக்கொண்டான். வெள்ளிக் கூஜா அத்தைக்குப் போனது. எல்லாவற்றுக்கும் அடியில், பழுத்துப்போன செய்தித்தாளில் சுற்றி, சாம்பல் நிறத்தில் ஒரு ஃபெல்ட் தொப்பி. ரோமத்தை நெய்யாமல் அமுக்கித் திரட்டிய துணிதான் ஃபெல்ட். யாரும் கை நீட்டவில்லை. "இதை யாருடா போடுவா? மாறுவேடப் போட்டிக்குத்தான் ஆகும்" என்றார் அத்தை. எனக்கு அப்போது முன்மண்டை காலியாகி, உச்சியிலும் வெயில் நேராக விழ ஆரம்பித்திருந்தது. நான் எடுத்துக்கொண்டேன்.

அந்தத் தொப்பிக்குப் பூர்விகம் உண்டு. தென்னிந்திய ரயில்வேயின் பணிமனை 1928ல் நாகப்பட்டினத்தில் இருந்து பொன்மலைக்கு வந்தது. அதோடு ஆங்கிலோ இந்தியக் குடும்பங்களும் நிறைய வந்தன. தாத்தாவின் மேலதிகாரி அவர்களில் ஒருவர். அறுபதுகளில் குடும்பத்தோடு ஆஸ்திரேலியாவுக்குக் கப்பல் ஏறியபோது, எடுத்துப்போக முடியாத சாமான்களைப் பிரித்துக் கொடுத்தாராம். தாத்தாவுக்குத் தொப்பி. அதைப் போட்டுக்கொண்டு ஒரே ஒரு முறை ஸ்டூடியோவில் படம் எடுத்துக்கொண்டார். பிறகு பெட்டிக்குள் வைத்தவர் எடுக்கவே இல்லை. ஏன் என்று பாட்டியிடம் ஒருமுறை கேட்டிருக்கிறேன். "போட்டுக்கிட்டு எங்கடா போறது?" என்றாள். அது எவ்வளவு சரியான கேள்வி என்று எனக்குப் புரிய நாலு தொப்பியும் ஏழு வருஷமும் ஆயின. ஒரே ஒரு திருத்தம். போட்டுக்கொண்டு போவதில் சிரமம் இல்லை. போன இடத்தில் கழற்றி எங்கே வைப்பது என்பதுதான் சிரமம்.

முதலில் அளவு. தாத்தா தொப்பியின் உள்ளே நெற்றியில் படுகிற தோல் பட்டையில் பொன்னெழுத்தில் 6 7/8 என்று இருந்தது. பாட்டி காலத்துக் கணக்கில் ஆறே முக்காலே அரைக்கால். இது பிரிட்டிஷ் அளவு. சென்டிமீட்டரில் தலைச் சுற்றளவு 56. இதே தொப்பியை அமெரிக்காவில் செய்திருந்தால் 7 என்று போட்டிருப்பார்கள். எந்த ஊர் எண் என்று பார்க்காமல் பழைய தொப்பி வாங்கினால் ஒரு சென்டிமீட்டர் பிசகும், அந்தப் பிசகே தலைவலிக்குப் போதும். எனவே சென்டிமீட்டர் ஒன்றைத்தான் நம்ப வேண்டும். தையற்காரர் டேப்பை எடுத்து, நெற்றி நடுவில் தொடங்கி, காதுக்கு ஒரு விரல் மேலே கொண்டுபோய், பின்மண்டைப் புடைப்பைச் சுற்றி வர வேண்டும். இறுக்கவும் கூடாது, தொங்கவும் கூடாது. எனக்கு 59 வந்தது. தாத்தாவின் மூக்கும் கோபமும் எனக்கு வந்திருக்கின்றன, தலை வரவில்லை.

மூன்று சென்டிமீட்டர்தானே, இழுத்துவிடலாம் என்று நினைத்தேன். ஃபெல்ட் ஆவி பட்டால் இளகும் என்று எங்கோ கேள்விப்பட்டிருந்தேன். ஞாயிற்றுக்கிழமை காலை இட்லிக் குண்டானில் தண்ணீர் கொதித்துக்கொண்டிருந்தது. தட்டை எடுத்து வைத்துவிட்டுத் தொப்பியின் வாயை ஆவிக்கு நேராகப் பிடித்தேன். ஒரு நிமிஷத்தில் ஃபெல்ட் பரோட்டா மாவு மாதிரி மெத்தென்று ஆகிவிட்டது. எனக்கு ஒரே சந்தோஷம். சூட்டோடு தலையில் வைத்து இரண்டு கையாலும் கீழே இழுத்தேன். ஃபெல்ட் வந்தது. உள்ளே இருந்த தோல் வரவில்லை. வராததோடு நிற்காமல் சுருங்கத் தொடங்கியது. நெற்றியில் ஒரு வளையம் இறுகுவது தெரிந்தது. பின்பக்கம் பட், பட் என்று நூல் தெறித்தது. கழற்றிப் பார்த்தால், அறுபது வருஷம் சும்மா கிடந்த தோல் பட்டை, வாட்டிய அப்பளம் மாதிரி சுருண்டு நின்றது. வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்த மனைவி, "ஏங்க, நான் இட்லி ஊத்தவா, வேண்டாமா?" என்று மட்டும் கேட்டாள்.

பழைய தோலுக்கு ஈரமும் சூடும் சேர்ந்து பட்டால் சுருங்கத்தான் செய்யும். ஆவி காட்டுவதாக இருந்தால் தோல் பட்டையை வெளியே மடித்துவிட்டு, ஃபெல்ட்டுக்கு மட்டும், தள்ளிப் பிடித்துக் காட்ட வேண்டும். அப்படிச் செய்தாலும் ஒரு சென்டிமீட்டருக்கு மேல் ஆசைப்படக் கூடாது. பாரிமுனையில் தோல் பை தைக்கிறவர் ஒருவரிடம் கொடுத்துப் புதுப் பட்டை வைத்துத் தைத்தேன். அழகாகத்தான் தைத்துக் கொடுத்தார். தொப்பி மட்டும் இன்றைக்கும் எனக்குச் சேரவில்லை. தாத்தா படத்துக்குப் பக்கத்தில் ஆணியில் தொங்குகிறது.

பழைய தொப்பி வாங்குகிறவர்களுக்கு இங்கே ஒன்று சொல்ல வேண்டும். முயல், பீவர் ரோமத்தை ஃபெல்ட்டாகத் திரட்ட ஒரு காலத்தில் பாதரச நைட்ரேட் தடவினார்கள். தடவிய ரோமத்தின் நுனி காரட் நிறத்துக்கு மாறுமாம், அதனால் அந்த வேலைக்கே காரட் பெயரை வைத்துவிட்டார்கள். அந்தப் புகையைச் சுவாசித்த தொழிலாளர்களுக்குக் கை நடுங்கியது, பேச்சு குழறியது, புத்தி தடுமாறியது. அமெரிக்காவில் தொப்பித் தொழிலுக்குப் பேர்போன டான்பரியில் அந்த நடுக்கத்துக்கு ஊர்ப் பெயரே வந்தது. 1941 டிசம்பரில்தான் அங்கே ஃபெல்ட் தொழிலில் பாதரசத்தை நிறுத்தினார்கள். அதற்கு முந்திய தொப்பிகளில் பாதரசம் இன்னும் தங்கியிருக்கலாம். வாங்கி அலமாரியில் வைத்து அழகு பாருங்கள். என்னைப்போல் அடுப்படிக்குக் கொண்டுபோய் ஆவி காட்டாதீர்கள், குழந்தைகள் கையில் கொடுக்காதீர்கள்.

தாத்தா தொப்பி சேராததால் எனக்கென்று ஒன்று வாங்கினேன். ஆன்லைனில், அறுநூற்றுச் சொச்சம் ரூபாய், கறுப்பு ஃபெடோரா, அதாவது சுற்றிலும் விளிம்பும் உச்சியில் நீளக் குழியும் உள்ள தொப்பி. முயல் ரோமம் இல்லை, ஆட்டுக் கம்பளி. வாங்கும்போது எனக்கு அந்த வித்தியாசம் தெரியாது, பெங்களூரு மழை தெரிய வைத்தது. ஜெயநகரில் அரை மணி நேரம் நனைந்தது. அறைக்கு வந்து மின்விசிறிக்குக் கீழே மேஜையில் விளிம்பு படும்படி வைத்துவிட்டுத் தூங்கினேன். காலையில் ஒரு அளவு சுருங்கி, விளிம்பு நெளிந்து, ஓரம் தீய்ந்த ஊத்தப்பம் மாதிரி கிடந்தது. நல்ல முயல் ஃபெல்ட் மழையை ஓரளவு தாங்கும். மலிவான கம்பளி தாங்காது. எதுவானாலும் நனைந்தால் வெயிலிலோ விசிறியிலோ சூட்டிலோ காய வைக்காமல், தோல் பட்டையை வெளியே இழுத்துவிட்டு, நிழலில் தானாகக் காய விட வேண்டும். கீழே வைக்கும்போது மல்லாக்கத்தான் வைக்க வேண்டும், மண்டை கீழே, விளிம்பு ஆகாசத்தைப் பார்த்து. விளிம்பின் மேல் நிறுத்தினால் அது தட்டையாகிவிடும்.

அந்தக் கறுப்புத் தொப்பி சீக்கிரம் செத்தது நல்லதுக்குத்தான். அதைப் போட்டுக்கொண்டு முதல் நாள் தெருவில் இறங்கியபோது ஆட்டோ ஸ்டாண்டில் இருந்து, "என்ன தலைவரே, ஷூட்டிங்கா?" என்று குரல் வந்தது. அடுத்த நாள் டீக்கடையில் "ஜெய்சங்கர் வர்றாரு, ஒரு ஸ்ட்ராங் டீ போடு" என்றார்கள். மூன்றாம் நாள் ஒரு பெரியவர் என்னைப் பார்த்து இரண்டு விரலை உயர்த்திக் காட்டினார். எம்.ஜி.ஆர். போட்டது விளிம்பே இல்லாத வெள்ளை ரோமத் தொப்பி, இது வேறு சாதி என்று அவருக்கு விளக்க வேண்டும்போல் இருந்தது, விளக்கவில்லை. நம் ஊரில் தொப்பி என்றாலே சினிமா. கறுப்புத் தொப்பி, கறுப்புக் கண்ணாடி, மேலே கோட்டு என்று மூன்றும் சேர்ந்தால் பழைய படத்துக் கடத்தல்காரன்தான் நினைவுக்கு வருவான். பழசு ஒன்று போதும், அது தலையில் இருக்கட்டும் என்பது அந்த மூன்று நாளில் கற்றது. கீழே சாதாரண அரைக்கைச் சட்டை, பருத்தி பேன்ட். கறுப்பை விட்டுவிட்டுச் சாம்பல், பழுப்பு, சந்தன நிறம் பக்கம் வந்தால் பாதி கிண்டல் அடங்கிவிடும். விளிம்பு இரண்டேகால் அங்குலம் வரை போகலாம். ஒன்றரை அங்குல விளிம்பு வைத்து விற்கிறார்களே, அது பொம்மைத் தொப்பி. நிழலும் தராது, வளர்ந்த ஆளின் முகத்துக்குப் பொருந்தவும் செய்யாது.

இரண்டு வாரம் பொறுத்துக்கொண்டால் போதும். மூன்றாவது வாரம் தொப்பி இல்லாமல் போனேன். அதே டீக்கடையில், "சார், தொப்பி எங்கே? உடம்பு சரியில்லையா?" என்றார்கள்.

ஃபெடோரா என்ற பெயரைப் பற்றி ஒரு வார்த்தை. 1882ல் பாரிஸ் மேடையில் ஏறிய நாடகத்து நாயகியின் பெயர் அது. நடித்தவர் சாரா பெர்ன்ஹார்ட். முரட்டு ஆம்பளைக்கு அடையாளம் என்று இன்றைக்கு நினைக்கிற தொப்பிக்கு ஒரு பெண்ணின் பெயர். எனக்கு இதில் ஏனோ ஒரு திருப்தி. நம் ஆட்களுக்கு விளிம்புத் தொப்பி என்றால் சினிமாவுக்கு அடுத்து நினைவு வருவது பகத் சிங். 1928 டிசம்பரில் லாகூரில் இருந்து தப்பும்போது தாடியை எடுத்து, முடியை வெட்டி, வெள்ளைக்கார பாணித் தொப்பி வைத்தார். அடையாளம் தெரியாமல் இருக்கப் போட்ட தொப்பி, கடைசியில் அவருக்கே அடையாளமாகிப் பல ஆட்டோக்களின் முதுகில் ஒட்டியிருக்கிறது.

சென்னையில் ஃபெல்ட் போடலாமா என்று கேட்கிறவர்களுக்கு என் பதில், டிசம்பர் கடைசியில் இருந்து பொங்கல் வரை, அதுவும் காலை எட்டு மணிக்குள். மற்ற நாளெல்லாம் ஓலைதான். ஃபெல்ட்டை ஊட்டி, கொடைக்கானல், பெங்களூருக்கு வைத்துக்கொள்ளலாம். என் மூன்றாவது தொப்பி பனாமா. பெயர்தான் பனாமா, பின்னுவது ஈக்வடாரில். டோக்கியா என்கிற செடியின் ஓலையை நார் நாராகக் கிழித்து, கையால் பின்னுகிறார்கள். அந்தப் பின்னல் கலையை 2012ல் யுனெஸ்கோ தன் பட்டியலில் சேர்த்தது. பனாமா கால்வாய் வெட்டும் இடத்துக்கு 1906ல் போன அமெரிக்க ஜனாதிபதி தியோடர் ரூஸ்வெல்ட் அதைப் போட்டுக்கொண்டு எடுத்த படம் உலகமெல்லாம் சுற்றியதில், ஏற்கெனவே வழங்கிய பனாமா என்ற பெயரே தொப்பிக்கு நிலைத்தது.

ஓலைத் தொப்பிக்கு எதிரி மழை இல்லை, வறட்சி. ஏசி அறையில் மாதக்கணக்கில் கிடந்தால் ஓலை முறுகிவிடும். முன்பக்கம் இரண்டு பக்கமும் குழி விழுந்திருக்கும் இல்லையா, பார்க்கிறவன் விரல் அங்கேதான் தானாகப் போகும். அங்கே பிடித்துத் தூக்கித் தூக்கித்தான் எல்லாப் பனாமாவும் கிழிகிறது. விளிம்பைப் பிடித்துத்தான் எடுக்க வேண்டும், வைக்க வேண்டும். சுருட்டி டப்பாவில் போடலாம் என்று விளம்பரம் செய்வார்கள். என்னைக் கேட்டால் வேண்டாம். சென்னைக் காற்றில் இருக்கிற ஈரம் ஓலைக்கு நல்லது. அதே ஈரம் ஃபெல்ட்டுக்கு எமன். ஒரு நவம்பரில் தாத்தாவின் ஃபெல்ட்டை ஆணியில் இருந்து இறக்கி, பிளாஸ்டிக் உறையில் பத்திரமாகக் கட்டி பீரோவில் வைத்தேன். மழை விட்டுத் திறந்தால் ரிப்பன் ஓரமெல்லாம் வெள்ளை வெள்ளையாகப் பூஞ்சை. இப்போது மழைக்காலத்தில் பழைய பருத்தி வேட்டித் துண்டில் சுற்றுகிறேன். உள்ளே மருந்து டப்பாவில் வரும் சிலிக்கா பொட்டலம் இரண்டு, பட்டுப்புடவைக்கு அம்மா வைக்கிற மாதிரி ஒரு துண்டு வசம்பு. வெயில் நாளில் மாதம் ஒருமுறை எடுத்து நிழல் காற்றில் வைத்து, மென்மையான பிரஷ்ஷால் ரோமம் படிந்திருக்கும் திசையிலேயே தட்டிவிடுவது.

எந்தத் தொப்பிக் கடைக்காரனும் உங்களுக்குச் சொல்லாத ஒன்று: தேங்காய் எண்ணெய். நம் தலையில் இருக்கிற எண்ணெய் தோல் பட்டையைத் தாண்டி, ஃபெல்ட்டுக்குள் ஏறி, ரிப்பனில் கறையாக வெளியே வரும். ஒருமுறை வந்தால் போகாது. அடுத்தது திருநீறு. காலையில் பட்டையாகப் பூசிக்கொண்டு தொப்பியை வைத்தால், கழற்றும்போது நெற்றி வெறுமையாகி, தொப்பி சிவப்பழமாக இருக்கும். சந்தனமும் குங்குமமும் இதைவிட மோசம், வேர்வையோடு குழைந்து தோலில் ஊறிவிடும். தொப்பி போடுகிற நாளில் எண்ணெய் கிடையாது, திருநீறு புருவ நடுவில் ஒரு சிட்டிகை மட்டும் என்று எனக்கு நானே விதி வைத்திருக்கிறேன். போதாதற்கு, பழைய பருத்தி வேட்டியை இரண்டு விரல் அகலம் கிழித்துப் பட்டைக்குள் சொருகிவிடுவேன். தினமும் மாற்றிக்கொள்ளலாம்.

நாலாவதாக, ஓலைத் தொப்பியை இங்கேயே செய்தால் என்ன என்று தோன்றியது. தென்கோடியில் மணப்பாடு பக்கம் பெண்கள் பனையோலையில் பெட்டி, கொட்டான் என்று என்னென்னவோ முடைகிறார்கள். அந்தப் பக்கம் போனபோது ஒரு அக்காவிடம் பனாமாவைக் காட்டினேன். திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இதென்ன தம்பி, பெட்டிக்கு விளிம்பு வச்சா முடிஞ்சுது" என்றார். தொப்பிக்கான மர அச்சு அவரிடம் இல்லை. வீட்டுக்குள் போய் ஒரு எவர்சில்வர் தூக்குச்சட்டியைக் கொண்டுவந்து என் தலைக்குப் பக்கத்தில் பிடித்து அளவு பார்த்தார். சரியாக இருந்தது. மறுநாள் மாலை தொப்பி தயார். ஓலை வாசனையோடு, உறுதியாக, ஐம்பத்தொன்பது சென்டிமீட்டர் அச்சு அசலாக. போட்டால் நெற்றியிலும் பின்மண்டையிலும் அழுத்தியது, இரண்டு காதுக்கு மேலும் விரல் நுழைகிற சந்து. தூக்குச்சட்டி வட்டம். தலை வட்டம் இல்லை, முட்டை. சுற்றளவு சரியாக இருந்தும் தொப்பி உட்காராததற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். அழுத்துகிற தொப்பியைப் பெரிதாக்கப் பார்க்காமல், இடைவெளி விழுகிற இரண்டு பக்கமும் மெல்ல உள்ளே அமுக்கி முட்டை வடிவத்துக்குக் கொண்டுவந்தால், மற்ற இரண்டு பக்கமும் தளர்ந்து கொடுக்கும். அந்தப் பனையோலைத் தொப்பிதான் இன்றைக்கு நான் அதிகம் போடுவது. ஒருமுறை மெரினாவில் மாலைக் காற்று அதைப் பிடுங்கிச் சக்கரமாக உருட்டிக்கொண்டு போனது. சுண்டல்காரப் பையன் காலால் நிறுத்திக் கொடுத்தான்.

சோலா தொப்பியையும் விட்டுவைக்கவில்லை. வெள்ளைக்காரத் துரைகளும் பின்னால் நம் ஓவர்சியர்களும் சர்வேயர்களும் போட்டார்களே, அது. சோலா என்பது நம் நெட்டிதான், குளங்குட்டையில் வளர்கிற செடியின் வெள்ளைத் தக்கை. நம் ஊரில் அதில் மாலை கோத்தார்கள், தஞ்சாவூரில் கோபுரமும் பெரிய கோவிலும் செதுக்கினார்கள். தஞ்சை நெட்டி வேலைக்கு 2020ல் புவிசார் குறியீடும் கிடைத்தது. எடை இல்லாத தொப்பி, தண்ணீர் தெளித்தால் தலை குளிரும், வெயிலுக்கு அதை மிஞ்ச ஆள் இல்லை. நண்பர் ஒருவரிடம் இரவல் வாங்கி ஒரு காலை நடைக்குப் போட்டுப்போனேன். பூங்காவில் புல் வெட்டிக்கொண்டிருந்த அம்மா சட்டென்று எழுந்து நின்றார். கிண்டலுக்கு நிற்கவில்லை. யாரோ அதிகாரி வருகிறார் என்று நினைத்துவிட்டார். அன்றே திருப்பிக் கொடுத்துவிட்டேன். எல்லாப் பழசும் வெறும் பழசு இல்லை.

மரியாதை விஷயமும் அப்படித்தான். மேல்நாட்டில் தெரிந்தவரைக் கண்டால் தொப்பியைத் தொட வேண்டும், வீட்டுக்குள் கழற்ற வேண்டும் என்று வரிசையாக வழக்கங்கள். பெரிய மனிதர் முன்னால் தோள் துண்டை எடுத்து இடுப்பில் கட்டச் சொன்ன ஊர் இது, அதில் இருந்தது சாதி. அந்த நினைவு இன்னும் ஆறாத இடத்தில் ஆளுக்கு ஆள் தொப்பியைத் தூக்க எனக்கு மனம் வரவில்லை. கை கூப்பினால் போதும். ஆனால் கூரைக்குக் கீழே வந்ததும் கழற்றிவிடுவேன். தியேட்டரில் பின்வரிசைக்காரருக்காக, துக்க வீட்டில் தெருமுனையிலேயே, ஏடிஎம்மில் கேமராவுக்காக. தர்காவில் தலையை மறைக்க வேண்டும்தான், அதற்கும் கைக்குட்டையே நல்லது, விளிம்புத் தொப்பி அங்கே ஒட்டாது.

கழற்றினால் எங்கே வைப்பது? இங்கேதான் பாட்டி கேள்விக்கு வருகிறோம். மேல்நாட்டில் ஆம்பளைகள் தொப்பியை விட்டதற்கு ஜான் கென்னடிதான் காரணம் என்று ஒரு கதை சொல்வார்கள். 1961ல் பதவியேற்புக்கு அவர் உயரமான பட்டுத் தொப்பியோடுதான் வந்தார், பேசும்போது கழற்றி வைத்தார், அவ்வளவுதான். அதற்கு முன்பே தொப்பி குறையத் தொடங்கிவிட்டது. எனக்குக் காரை நினைத்தால் காரணம் விளங்கிவிடுகிறது. கூரை தாழ்ந்தது. பின்னால் சீட்டில் தலைக்குத் தலையணையும் வந்தது. பின்விளிம்பு அதில் இடித்துத் தொப்பி மூக்கில் வந்து விழும். கழற்றிப் பின்கண்ணாடிக்குக் கீழே வைத்தால் வெயிலில் வெந்துபோகும். இங்கே நமக்குப் பைக், பைக்குக்கு ஹெல்மெட். ஹெல்மெட்டுக்குள் தொப்பி போகாது, தொப்பிக்கு மேல் ஹெல்மெட் ஏறாது. வேடிக்கை என்னவென்றால், 1849ல் லண்டன் லாக் கடையில் பிறந்த கெட்டியான, உருண்டை மண்டை வைத்த பௌலர் தொப்பியும் ஹெல்மெட் வேலைக்குப் பிறந்ததுதான். குதிரையில் போகிற காவல்காரர்களின் தலையில் மரக்கிளை அடிக்காமல் இருக்கச் செய்தார்கள். செய்யச் சொன்னவர் தரையில் வைத்துக் காலால் மிதித்துப் பார்த்துத்தான் வாங்கினார் என்று கதை.

பனாமாவுக்கு அந்தத் திராணி இல்லை. வேலூர் பக்கம் ஒரு கல்யாணம். பந்தியில் உட்கார்ந்து தொப்பியை மடியில் வைத்தேன். இலை போட்டார்கள், தண்ணீர் தெளித்தார்கள், அதுவரை சரி. சாம்பார் வாளி கிட்டே வந்ததும் பயந்துபோய்ப் பக்கத்து நாற்காலியில் வைத்தேன், காலியாகத்தான் இருந்தது. அந்தப் பக்கம் திரும்பி அப்பளம் கேட்டேன். இந்தப் பக்கம் பெண் வீட்டுப் பெரியவர் ஒருவர் வந்து உட்கார்ந்தார். நல்ல மனுஷர், நல்ல கனம். ஏதோ நறநறவென்றதும் கொஞ்சம் எழுந்து, அடியில் கைவிட்டு எடுத்து, தட்டையாகிக் கிடந்ததை உற்றுப் பார்த்து, "தம்பி, இது உங்க விசிறியா?" என்றார்.

ஈரத் துணி போட்டு, லேசாக ஆவி காட்டி, உள்ளே கைவிட்டு மெல்ல எழுப்பியதில் வடிவம் வந்துவிட்டது. முன்குழியில் மூன்று நார் விட்டுப்போனது விட்டதுதான். இப்போது கல்யாண மண்டபத்துக்குப் போனால் முதல் வேலை, சந்தனமும் கற்கண்டும் பன்னீர்ச்செம்பும் வைத்திருக்கிற வரவேற்பு மேஜைக்குப் போவது. அங்கே நிற்கிற பெண்பிள்ளைகளிடம் கொடுத்தால் மேஜைக்கு அடியில் வைத்துக்கொள்கிறார்கள். ரயிலில் மேல் கொக்கி. பஸ்ஸில் மடி, மல்லாக்க, உள்ளே தண்ணீர் பாட்டில் வைக்காமல். ஹோட்டலில் சுவரோரத்து மேஜை கேட்டு வாங்குவேன். பைக்கில் போகிற நாளில் பனையோலைத் தொப்பி ஒன்றுதான், பெட்ரோல் டேங்க் மேல் துணிப்பையில். வீட்டில் வாசலுக்குப் பக்கத்தில் எனக்கென்று ஒரு கொக்கி அடித்தேன். அதில் இப்போது மனைவி ரேஷன் பை மாட்டுகிறாள்.

தொப்பி போட ஆரம்பித்த பிறகுதான் ஒன்றைக் கவனித்தேன். செருப்பைக் கழற்றி வைக்க இந்த ஊரில் எத்தனை ஏற்பாடு! வாசலில் படி, மண்டபத்தில் மூலை, கோவிலில் ஸ்டாண்ட், டோக்கன், காவலுக்கு ஆள். தலையில் இருப்பதற்கு ஒரு ஆணி கிடையாது. வேட்டிக்கு மேலே கோட்டும் தலைப்பாகையுமாக வக்கீல்கள் கோர்ட்டுக்குப் போன சென்னை இது. தலைப்பாகையைப் போன இடத்தில் கழற்ற வேண்டியதில்லை, அதனால் அவர்களுக்கு ஆணி தேவைப்படவில்லை.

போன மார்கழியில் மயிலாப்பூரில், கோவில் செருப்பு ஸ்டாண்டில் செருப்பைக் கொடுத்துவிட்டுத் தொப்பியையும் நீட்டினேன். ஸ்டாண்டில் இருந்த அம்மா கையை எடுத்துக்கொண்டார். "தலையில வைக்கிறதைச் செருப்போட வைக்கவா? என்ன சார் நீங்க." நான் திரும்பப் போனேன். "இருங்க, இருங்க" என்று கூப்பிட்டு, தொப்பியை வாங்கி, புடவைத் தலைப்பால் ஒரு தரம் துடைத்து, தன் சாப்பாட்டுப் பை மாட்டியிருந்த ஆணியில் பைக்கு மேலே மாட்டினார். தரிசனம் முடிந்து வந்து டோக்கனைக் கொடுத்தேன். செருப்புக்குக் காசு எடுத்துக்கொண்டு மீதியை நீட்டினார். தொப்பிக்கு எவ்வளவு என்று கேட்டேன்.

"செருப்புக்குத்தான் சார் ரேட்டு போட்டிருக்கு."